70 வளைவு... பையில ஒரு புத்தகம்!

லீவு விட்டா போதும், ஹாஸ்டல் வராண்டாவுல ஒரு குரல் கேட்கும்... “மச்சி, கொல்லிமலை போலாமா?” அடுத்த அஞ்சு நிமிஷத்துல பட்ஜெட், பைக், பிரியாணி எல்லாம் முடிவாகிடும். பையில என்னென்ன போகும்னு பாருங்க. சார்ஜர், பவர் பேங்க், ஸ்வெட்டர், சிப்ஸ், ரெண்டு செட் கூலிங் கிளாஸ்! புத்தகம்? “டூர் போற இடத்துல எவன்டா படிப்பான்?”னு சிரிப்பீங்க. கொஞ்சம் பொறுங்க பாஸ். இந்த மலைக்கு மட்டும் அந்த ரூல் செல்லாது. ஏன்னா, தமிழ்ல இவ்வளவு புத்தகங்களுக்குள்ள உட்கார்ந்திருக்கிற மலைகள் ரொம்பக் கம்மி. நீங்க ஏறப் போறது ஒரு மலை இல்லை. ஒரு லைப்ரரி!

அதனால இந்த ட்ரிப்புக்கு ஒரு சின்ன கண்டிஷன். நாலு பேர் போறீங்கன்னா, நாலு பேரும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கணும். ராத்திரி குளிர்ல உட்கார்ந்து ‘இப்ப நான் என்ன படிச்சிட்டிருக்கேன்... அதுல எனக்கு எது பிடிச்சது’ன்னு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசணும். அவ்வளவுதான். எதைப் படிக்கலாம்னு கேட்கிறீங்களா? அடிவாரத்துல இருந்தே ஆரம்பிப்போம்.

ஸ்டாப்பிங் ஒண்ணு: நாமக்கல்

முட்டை, லாரி, ஆஞ்சநேயர்... நாமக்கல்னா இந்த மூணும்தான் டக்குனு ஞாபகம் வரும். நாலாவதா எழுத்தாளர்களையும் சேர்த்துக்கங்க. மோகனூர்ல 1888-ல் பிறந்த ராமலிங்கம் பிள்ளையைத்தான் ஊர் பேரோட சேர்த்து ‘நாமக்கல் கவிஞர்’னு கூப்பிடுறோம். சுதந்திரப் போராட்டக் கவிஞரா மட்டும்தான் அவரைப் பாடப் புத்தகத்துல பார்த்திருப்பீங்க. அதே மனுஷன் எழுதின ‘மலைக்கள்ளன்’ நாவல்தான் 1954-ல் எம்.ஜி.ஆர். நடிச்ச சூப்பர் ஹிட் படம்! படத்தை டி.வி-யில பார்த்தவங்க நாவலைத் தேடிப் பிடிச்சுப் படிங்க. பக்கம் பறக்கும்.

இந்தக் காலத்து ஆள் யாருன்னா, பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அவரோட ‘மாதொருபாகன்’ நாவல் 2010-ல் வந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு அதுக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான்’ங்கிற அர்த்தத்துல தானே அறிவிச்சுட்டு, எழுதுறதையே நிறுத்திக்கிட்டார். 2016 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்னு, திரும்ப எழுத வரச் சொல்லித் தீர்ப்பு கொடுத்துச்சு. அதுக்கப்புறம் வந்த நாவல்தான் ‘பூனாச்சி’. ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியோட கதை. ஒரே ராத்திரியில முடிச்சுடலாம். படிச்சு முடிச்சதும், பஸ் ஜன்னல் வழியா தெரியுற ஒவ்வொரு ஆட்டுக்குட்டியையும் வேற மாதிரி பார்ப்பீங்க. அவரோட ‘ஆளண்டாப் பட்சி’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023-ல் ஜே.சி.பி. பரிசு கிடைச்சுது. ஒரு புத்தகத்தைப் படிக்கிறதும் படிக்காம எதிர்க்கிறதும் ஒரு ஊரை என்னவெல்லாம் செய்யும்னு தெரிஞ்சுக்க, இந்த மாவட்டம் ஒரு பாடம்!

ஸ்டாப்பிங் ரெண்டு: வளைவுகள்

நாமக்கல், ராசிபுரம், சேலத்துல இருந்து மலைக்கு பஸ் உண்டு. காரவள்ளியில ஏற ஆரம்பிச்சா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருப்பாங்க. பத்தாவது வளைவு வரைக்கும் “வாவ்...”, இருபதுக்கு மேல “டேய் எலுமிச்சம்பழம் இருக்கா?”, நாற்பதுக்கு மேல நிசப்தம்! இந்த ரூட்ல புத்தகத்தைத் திறந்தீங்கன்னா சாப்பிட்ட இட்லி வெளியே வந்துடும். அதனால இங்கே படிக்க வேண்டாம், சொல்லுங்க. கதை சொல்ல இதைவிடப் பொருத்தமான ரோடு கிடையாது.

என்ன கதை? கல்கியோட ‘பார்த்திபன் கனவு’. ‘கல்கி’ பத்திரிகை ஆரம்பிச்ச 1941-லேயே தொடரா வரத் தொடங்கின நாவல். ‘பொன்னியின் செல்வன்’ அஞ்சு பாகம்னு பயந்து ஓடுறவங்களுக்கு இது சரியான முதல் படி. சோழ இளவரசன், பல்லவ இளவரசி காதல்னு ஜாலியா போய்ட்டிருக்கிற கதையில கபாலிகர்கள் நுழைஞ்சதும் சீன் மாறும். அந்தக் கபாலிகர்களின் மர்மமான மலைக்குகை எங்கே தெரியுமா? இதே கொல்லிமலைச் சாரல்ல! முப்பதாவது வளைவு தாண்டி, பனி ரோட்டை மூடும்போது, கதை தெரிஞ்ச ஒருத்தர் அந்த இடத்தைச் சொல்லட்டும். பஸ்ஸே காதைத் தீட்டிக்கிட்டு கேட்கும்.

பைக்ல போறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, ஹாரன் அடிங்க, செல்ஃபி வேண்டாம். மீதிக் கதையைக் கேட்க நீங்க மேல வந்து சேரணும்ல!

ஸ்டாப்பிங் மூணு: செம்மேடு

மலை மேல முக்கியமான ஊர் செம்மேடு. கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல. பஸ்ஸை விட்டு இறங்கினதும் காபி, மிளகு, பலாப்பழ வாசனை. அங்கே ஒரு சிலை இருக்கும். வல்வில் ஓரி! எட்டாம் கிளாஸ்ல ‘கடையெழு வள்ளல்கள் யார் யார்?’னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினீங்களே... பாரி, காரி, ஓரின்னு... அந்த ஓரி. ஆடிப் பதினெட்டு சமயத்துல இவர் பேர்ல அரசு விழா நடக்கும், வில்வித்தைப் போட்டியெல்லாம் உண்டு.

ரெண்டு மார்க்ல முடிஞ்சு போன அந்த ஆள், புறநானூற்றுல எப்படி வர்றார்னு பாருங்க. 152-வது பாட்டு, வன்பரணர் எழுதினது. பாணர் கூட்டம் ஒண்ணு காட்டு வழியா வருது. ஒரு வேடன் அம்பு விடுறான். ஒரே அம்பு... யானையைச் சாய்ச்சு, புலியைத் துளைச்சு, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில புத்துக்குள்ள கிடந்த உடும்புல போய்த் தைக்குது! நம்ம மாஸ் ஹீரோ இன்ட்ரோ எல்லாம் இதுக்கு முன்னால ஜுஜுபி. மார்புல தொங்குற ஆரம்... ‘இவன் சாதாரண வேடன் இல்லையே’ன்னு யோசிச்சு, கூட்டமே சேர்ந்து பாடுது. பாட்டுல ‘அரசே’ங்கிற பேர் வந்ததும் அந்த ஆள் என்ன பண்றார் தெரியுமா? கூச்சப்படுறார்! தன்னைத்தான் பாடுறாங்கன்னு தெரிஞ்ச வெட்கம். அப்புறம் இறைச்சியும் மதுவும் கொடுத்து, தன் மலையில விளைஞ்ச பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்புறார்.

அவ்வளவு பெரிய வில்லாளிக்கு அந்தச் சின்ன வெட்கம்... அதுதாங்க இலக்கியம். ரெண்டு மார்க் விடையில அந்த வெட்கத்துக்கு இடம் கிடையாது.

கதை இதோட முடியலை. ஓரியைப் போர்ல கொன்னது யாருன்னு அகநானூறு 209-வது பாட்டு சொல்லுது. முள்ளூர் மன்னன் காரி! ஆமாங்க, அதே லிஸ்ட்ல ஓரிக்குப் பக்கத்துல நிற்கிற இன்னொரு வள்ளல். கொன்னுட்டு, இந்த மலையைச் சேரர்களுக்குக் கொடுத்துட்டார். ஓரி இறந்த பிறகு அவரோட தெருவுக்குள்ள காரி நுழைஞ்சப்ப எழுந்த கூச்சலை நற்றிணையில கபிலர் ஒரு உவமையா சொல்லிட்டுப் போறார். காதல் பாட்டுக்கு நடுவுல, ஒரு வரியில ஒரு ஊரோட அழுகை! ‘கொடை வள்ளல்’னு நாம ஒரே கலர்ல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கிற ஆட்கள் எல்லாம், மூலத்தைப் படிச்சா ரத்தமும் சதையுமா எழுந்து நிற்கிறாங்க.

அப்புறம் கொல்லிப்பாவை. தெய்வம் செஞ்சு வெச்ச பாவை, காத்து, மழை, இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் அழியாத அழகுன்னு நற்றிணையில பரணர் பாடின பொண்ணு. காதலியை வர்ணிக்கணும்னாலே சங்கப் புலவர்களுக்கு இந்த மலைப் பாவைதான் அளவுகோல். மலையில இருக்கிற எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவைன்னு ஊர்க்காரங்க நம்புறாங்க. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டைப் படிச்சுட்டுப் போங்க. நிற்கிற நிலையே மாறும்.

ஒரு கேள்வியால வந்த மலை

சரி, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஓரி எப்படி உங்க கைக்கு வந்தார்? இங்கேதான் மேட்டர்.

1880, அக்டோபர் 21. கும்பகோணம். கவர்ன்மென்ட் காலேஜ்ல தமிழ் வாத்தியார் வேலையில சேர்ந்து எட்டே மாசம் ஆன இளைஞர் ஒருத்தர், ஊருக்குப் புதுசா மாற்றலாகி வந்த முன்சீப்பைப் பார்க்கப் போறார். இளைஞருக்கு வயசு 25. அதாவது உங்களைவிட ஒரு நாலஞ்சு வயசு பெரியவர். பேர் சாமிநாத ஐயர். முன்சீப் பேர் ராமசாமி முதலியார், நம்ம சேலத்துக்காரர். பேச்சு நடக்குது. ‘என்னென்ன படிச்சிருக்கீங்க?’னு முன்சீப் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலான்னு பெரிய லிஸ்ட்டே சொல்றார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவராச்சே! முன்சீப் முகத்துல ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் சரி, இதுக்கு முந்தின பழைய நூல்கள்... சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை... படிச்சிருக்கீங்களான்னு கேட்கிறார். படிச்சதில்லை. படிக்க அச்சுப் புத்தகமும் இல்லை.

அந்த ஒரு கேள்வி இளைஞரைத் தூங்க விடலை. முன்சீப் தன்கிட்ட இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து ‘படிச்சுச் சொல்லுங்க’ன்னார். அதுல ஆரம்பிச்சு, ஊர் ஊரா ஏட்டுச்சுவடி தேடி அலைஞ்சு, சீவக சிந்தாமணி 1887-ல், சிலப்பதிகாரம் 1892-ல், புறநானூறு 1894-ல் அச்சுக்கு வந்துச்சு. இந்த வேலையில அவர் தனி ஆளும் இல்லை. யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887-லேயே அச்சுல கொண்டு வந்தார். அந்தக் கும்பகோணத்து இளைஞரைத்தான் நாம ‘தமிழ்த் தாத்தா’ன்னு சொல்றோம். தாத்தாவும் ஒரு காலத்துல பையன்தான்!

யோசிச்சுப் பாருங்க. ‘என்ன படிச்சிருக்கீங்க?’ - நாம சும்மா ஃபார்மாலிட்டிக்குக் கேட்கிற கேள்வி. ஒரு சேலத்து மனுஷன் அதை நிஜமாவே கேட்டார். பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். அடுத்து என்ன படிக்கலாம்னும் கைகாட்டினார். அப்படி அவர் கேட்காம ‘ஓ, சந்தோஷம்... வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல’ன்னு பேச்சை மாத்தியிருந்தா? கறையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் தப்பின ஏடுகள்ல எத்தனை மிஞ்சியிருக்கும்னு யாருக்குத் தெரியும்! இந்த முழுக் கதையையும் ‘என் சரித்திரம்’னு அவரே எழுதியிருக்கார். 1940-ல் இருந்து ‘ஆனந்த விகடன்’ல தொடரா வந்துச்சு. குண்டுப் புத்தகம். ஆனா, பரீட்சைக்குப் பயந்த பையன் ஒருத்தன் வாத்தியாரைத் தேடி அலையுற கதைன்னு நினைச்சுப் படிங்க. நிறுத்த மாட்டீங்க.

இதோட இன்னொரு ட்விஸ்ட். 1962, அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம். மைசூர்க்காரரான ஏ.கே. ராமானுஜன், லைப்ரரியோட அடித்தளத்துல ஏதோ ஒரு தமிழ் இலக்கணப் புத்தகத்தைத் தேடிட்டு இருக்கார். கைக்குச் சிக்கினது, நம்ம தாத்தா 1937-ல் பதிப்பிச்ச குறுந்தொகை! அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சவர், அதை ஆங்கிலத்துல மொழிபெயர்க்க ஆரம்பிச்சார். 1967-ல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ங்கிற பேர்ல அது புத்தகமா வந்து, உலகமே சங்கக் கவிதையைத் திரும்பிப் பார்த்துச்சு. இந்தக் குறுந்தொகையிலும் கபிலர் பாட்டுல ஓரியும் கொல்லிப்பாவையும் உண்டு. கும்பகோணத்துல ஒரு கேள்வி, சிகாகோவில் ஒரு பதில். தமிழ் பாடப் புத்தகம்னா அலர்ஜியா? இங்கிலீஷ் மீடியமா? நோ ப்ராப்ளம், ராமானுஜன்ல இருந்து ஆரம்பிச்சுட்டு மூலத்துக்கு வாங்க.

ஸ்டாப்பிங் நாலு: அருவிக்கு மேல

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துல ஆரம்பிக்குது ஆகாய கங்கைக்கு இறங்குற படிக்கட்டு. ஆயிரத்துக்கு மேல படிகள். கீழே சுமார் 300 அடி உயரத்துல இருந்து விழுற தண்ணி. இறங்குறப்ப “ஈஸி மச்சி!”, ஏறுறப்ப “நீ போ, நான் இங்கேயே குடும்பம் நடத்திக்கிறேன்”னு ஆகிடும். படியில தண்ணி பாட்டிலைப் போடாதீங்க. குரங்குகிட்ட கெத்து காட்டாதீங்க. அங்கே ஜெயிக்கிறது எப்பவும் குரங்குதான்!

மூச்சு வாங்க உட்காரும்போது திறக்க ஒரு புத்தகம்: ‘அறப்பளீசுர சதகம்’. அம்பலவாணக் கவிராயர் எழுதினது. சதகம்னா நூறு பாட்டு. எல்லாமே இந்தக் கோயில் சாமியைக் கூப்பிட்டுப் பேசுற பாட்டுகள்தான். ஆனா, மேட்டர் பக்தி மட்டும் இல்லை. நல்ல நண்பன் யார், கடன் வாங்கினா என்ன ஆகும், எதால எதுக்கு அழகு, யார்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு வாழ்க்கை டிப்ஸ் அத்தனையும் இருக்கும். அந்தக் காலத்து சுயமுன்னேற்ற நூல்! சில கருத்தோட நீங்க சண்டையே போடுவீங்க. குறிப்பா பெண்களைப் பற்றி வர்ற இடங்கள்ல. போடுங்க. புத்தகத்தோட சண்டை போடுறதும் படிக்கிறதுல ஒரு பாதிதான்.

அச்சுல வராத புத்தகம்

இவ்வளவு சொல்லியாச்சு. ஆனா, இந்த லைப்ரரியில பெரிய அலமாரி ஒண்ணு பாக்கி இருக்கு. மலையில வாழுற மக்கள்.

அவங்களை ‘மலையாளிகள்’னு சொல்வாங்க. கேரளாவோட குழப்பிக்காதீங்க, பேசுறது தமிழ். பழங்குடிப் பட்டியல்ல இருக்கிற மக்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடுன்னு ஊர்கள் எல்லாம் ‘நாடு’தான். காஞ்சிபுரத்துல இருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூணு பேர்ல ஒருத்தர் சேர்வராயன் மலையிலயும், ஒருத்தர் பச்சைமலையிலயும், ஒருத்தர் கொல்லிமலையிலயும் குடியேறினதா ஒரு கதை அவங்ககிட்ட உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூல்ல இதைக் குறிச்சு வெச்சிருக்கார். ஆனா, வெள்ளைக்கார அதிகாரி நாலு பக்கத்துல எழுதினது ஒரு துளி. மீதி எல்லாம் பாட்டிகளோட வாயில இருக்கு.

உதாரணத்துக்குச் சாமையை எடுத்துக்கங்க. நமக்குத் தெரிஞ்சது ‘சாமை அரிசி, அரை கிலோ பாக்கெட்’. இவங்களுக்கு பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர். எது சீக்கிரம் விளையும், எது சரிவு நிலத்துக்கு, எது சமைச்சா ருசின்னு தனித்தனிக் கணக்கு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையேறின பிறகு, சாமை, தினை விதைக்கிற நிலம் குறைஞ்சு போச்சு. கிழங்குல கையில காசு கிடைக்கும், குற்றம் சொல்ல முடியாது. சாமையைக் குத்திப் புடைக்கிற வேலையோ பெண்களோட இடுப்பை ஒடிக்கும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இங்கே இந்த விதைகளைக் காப்பாத்தி, அரைக்க மெஷின் வைக்கவும், விற்கவும் மக்களோட சேர்ந்து வேலை பார்த்துச்சு.

இதுல நமக்கு என்னன்னா... ஒரு விதை விதைக்கப்படாம விட்டா, அதோட சேர்ந்து அதைப் பற்றின பேச்சும் போயிடும். வரகையும் தினையையும் பாடின புறநானூறு ஏட்டுல கிடந்ததால தப்பிச்சுது. ஏட்டுல ஏறாத இந்த அறிவுக்குத் தப்பிக்க ஒரே வழி, யாராவது உட்கார்ந்து கேட்கிறது. 1880-ல் முன்சீப் கேட்ட மாதிரி, நிஜமா கேட்கிறது.

அதனால, சோளக்காட்டுச் சந்தையில அன்னாசிப்பழம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. “பாட்டி, நீங்க சின்ன வயசுல என்ன சாமை சாப்பிட்டீங்க?”னு கேளுங்க. போட்டோ எடுக்கணும்னா முதல்ல அனுமதி கேளுங்க. கேட்டதை அன்னைக்கு ராத்திரியே நோட்டுல எழுதிடுங்க. பேர் தேவையில்லை, பேச்சு போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

சங்க நூல்களுக்குக் காசு வேண்டாம். 1998-ல் ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துலயும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட நூலகத்துலயும் இலவசமா கிடைக்குது. மலையில சிக்னலை நம்பாம கீழேயே இறக்கி வெச்சுக்கங்க. மீதிக்கு இருக்கவே இருக்கு உங்க காலேஜ் லைப்ரரி. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போனாங்க. அந்த வண்டியை எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடங்கி வெச்ச தேதியும் ஒரு அக்டோபர் 21 தான்! அப்போ புத்தகம் வாசகனைத் தேடி வண்டி கட்டி வந்துச்சு. இப்ப உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து லைப்ரரிக்கு எத்தனை அடி?

ஒரு திட்டம் போட்டுக்கங்க. முதல் ஆள் ‘பூனாச்சி’. ரெண்டாவது ஆள் ‘பார்த்திபன் கனவு’. மூணாவது ஆள் புறநானூற்றுல ஓரி வர்ற பாட்டுகள் மட்டும் (152, 153, 204), உரையோட. நாலாவது ஆள் ‘என் சரித்திரம்’. அஞ்சாவதா யாராவது ஒட்டிக்கிட்டா, அவருக்கு ஒரு வெறும் நோட்டும் பேனாவும். பாட்டிகளோட அலமாரி அவர் பொறுப்பு.

ராத்திரி பனி இறங்கும். ஸ்வெட்டருக்குள்ள கையை விட்டுக்கிட்டு, சுத்தி உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. “நீ இப்ப என்ன படிச்சிட்டிருக்கே?” பதில் வர்ற வரைக்கும் போனை எடுக்காதீங்க!